திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை

விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதி கிட்டக் கிட்ட, எனக்கு வருகிற கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். "ஒக்ரோபரில நல்லா ஓடின மோட்டர்ஹோம். இப்ப திறப்பைத் திருப்பினால் ஒண்டும் நடக்குதில்லை. கராஜுக்கு இழுத்துக்கொண்டு போறதோ?"

கொஞ்சம் பொறுங்கோ. இழுவை வாகனத்தைக் கூப்பிட முதல் அரை மணித்தியாலம் நீங்களே பாருங்கள். ஆறு மாதம் பனிக்குள் கிடந்த வாகனம் எழும்பவில்லை என்றால், பெரும்பாலும் பழுது எஞ்சினில் இல்லை. பற்றறியில், அல்லது பற்றறிக்கும் ஸ்ராட்டருக்கும் நடுவிலே இருக்கிற ஏதோ ஒரு இணைப்பில். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் படிப்பு வேண்டாம். ஒரு மல்ரிமீற்றரும் கொஞ்சப் பொறுமையும் போதும்.

எங்கட குடும்பங்களில் மோட்டர்ஹோம் வாங்குவதற்குப் பல நேரம் காரணம் பிள்ளைகள் இல்லை, அம்மா அப்பாதான். முழங்கால் வலியோடு கூடாரத்தில் நிலத்தில் படுக்க முடியாது. நீரிழிவுக்காரர் இரவில் மூன்று தரம் எழும்பி, இருட்டில் டோர்ச் பிடித்துக்கொண்டு பொதுக் கழிப்பறைக்கு நடக்கவும் முடியாது. கட்டிலும் கழிப்பறையும் அடுப்பும் கூடவே வந்தால்தான் அவர்களும் எங்களோடு கில்பேருக்கோ சாண்ட்பாங்ஸுக்கோ வருவார்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் இடம் ஐந்து மாதத்துக்கு முன்பே பதியலாம். மே மாத இடத்தை டிசம்பரிலேயே பிடித்து வைத்திருப்போம். அந்த வெள்ளிக்கிழமை வாகனம் அசையாவிட்டால் வீட்டில் நிற்கப்போவது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே கடைசி நாள்வரை விடாதீர்கள். இரண்டு கிழமைக்கு முன்பே போய்த் திறப்பைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டு பற்றறிகள்

"உள்ளுக்கு லைற் எல்லாம் எரியுது. அப்ப பற்றறி நல்லாத்தானே இருக்கு?" இப்படித்தான் பலர் குழம்புகிறார்கள்.

மோட்டர்ஹோமில் பற்றறி இரண்டு வகை. ஒன்று எஞ்சினை ஸ்ராட் பண்ணுவது. மற்றது வீட்டுப் பகுதிக்கானது: உள்விளக்கு, தண்ணீர்ப் பம்பு, ஹீற்றர் விசிறி எல்லாம் அதில் ஓடும். வீட்டுப் பற்றறி நிறைந்திருக்க, எஞ்சின் பற்றறி செத்துக் கிடக்கலாம். குளிர்காலம் முழுக்கக் கரண்டில் செருகி விட்டிருந்தாலும், பல வாகனங்களில் அது வீட்டுப் பற்றறியை மட்டும்தான் சார்ஜ் பண்ணும்.

இதிலேயே ஒரு உதவியும் இருக்கிறது. பல வாகனங்களின் டாஷ்போட்டில் ‘எமேர்ஜென்சி ஸ்ராட்’ அல்லது ‘பற்றறி பூஸ்ற்’ என்று எழுதிய சின்னச் சுவிச் ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்தபடி திறப்பைத் திருப்பினால் வீட்டுப் பற்றறி எஞ்சின் பற்றறிக்குக் கைகொடுக்கும். வாகனம் பிடித்துவிட்டால் பிரச்சினை எங்கே என்பதும் தெரிந்துவிட்டது: எஞ்சின் பற்றறி இறங்கியிருக்கிறது. வாகனம் வாங்கி ஐந்து வருடமாகியும் அந்தச் சுவிச்சைத் தொட்டுப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

சத்தத்தைக் கேளுங்கள்

முதலில் கைப்பிரேக்கைப் போட்டு, சில்லுக்கு முட்டுக் கொடுங்கள். பிறகு ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் வெளியே நின்று கேளுங்கள்.

ஒரு சத்தமும் இல்லை, டாஷ்போட் விளக்கும் இல்லை: பற்றறி முற்றாக இறங்கியிருக்கும். அல்லது இலையுதிர் காலத்தில் யாரோ துண்டிப்புச் சுவிச்சை நிறுத்திவிட்டு மறந்திருப்பார்கள்.

விளக்கு பிரகாசமாக எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை: பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை நியூட்ரலில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். பார்க்கிங்கில் எடுக்காதது நியூட்ரலில் எடுத்தால், கியர் நிலையை அறியும் சுவிச்சில்தான் கோளாறு. இல்லையென்றால் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

"டிக் டிக் டிக்" என்று வேகமாக அடிக்கிறது: பற்றறியில் பலம் இல்லை, அல்லது இணைப்பு சரியில்லை.

ஒரே ஒரு "டக்", பிறகு அமைதி: ஸ்ராட்டர், அல்லது அதற்குப் போகிற தடித்த கேபிள்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை: பற்றறியை விடுங்கள். அது வேறு கதை, கீழே வருகிறேன்.

எதுவானாலும் ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். விடாமல் சுற்றினால் நல்லாய் இருந்த ஸ்ராட்டரும் சூடேறிக் கெட்டுப்போகும்.

அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

மல்ரிமீற்றர் முப்பது டொலருக்குள் நல்லதே கிடைக்கும். டீசி 20 வோல்ற்றில் வைத்து, சிவப்பு முனையை பற்றறியின் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். சில மணித்தியாலம் ஓய்வாக இருந்த பற்றறியில் 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் அரை. 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வெறுமை. அடுத்து, ஒருவர் திறப்பைத் திருப்பும்போது அளவுங்கள். வோல்ற் இறங்கும், அது வழமை. 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றறி பாரம் தாங்கவில்லை. ஓய்வில் 12.5 காட்டிவிட்டு, திறப்பைத் திருப்பியதும் 7க்கு விழுகிற பற்றறி, பார்க்க மட்டும்தான் நல்லது.

சார்ஜ் பண்ண முதல் பற்றறியின் உடம்பைப் பாருங்கள். நிறைந்த பற்றறி ஒன்ராறியோக் குளிரில் உறையாது. இறங்கிய பற்றறி மறை 10 பாகை அளவிலேயே உறையலாம். பக்கம் வீங்கியோ வெடித்தோ இருந்தால் சார்ஜும் வேண்டாம், பூஸ்ற்றும் வேண்டாம். அது வெடிக்கக்கூடிய சாமான், மாற்றத்தான் வேணும்.

பூஸ்ற் பண்ணுவதாக இருந்தால் ஒழுங்கு முக்கியம். சிவப்பு முதலில் இறங்கிய பற்றறியின் பிளஸில், பிறகு நல்ல பற்றறியின் பிளஸில். கறுப்பு முதலில் நல்ல பற்றறியின் மைனஸில். கடைசி முனையை இறங்கிய பற்றறியில் போடவே வேண்டாம். தள்ளியுள்ள வெறும் இரும்பில் கொழுவுங்கள். பற்றறியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசியாகக் கொழுவும் இடத்தில் பொறி பறக்கும். இரண்டும் கிட்ட இருக்கக்கூடாது.

மண்ணெண்ணெயும் மீற்றரும்

போன வருடம் எங்கட வாகனமும் இப்படி நின்றது. ஃபோர்ட் இ-450 சட்டத்தில் கட்டியது, வி10 எஞ்சின். குளிர்காலத்தில் நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் விடுகிறோம். அங்கே கரண்ட் இல்லை என்பதால் பற்றறியை வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் பண்ணித் திரும்பப் பூட்டினோம். திருப்பினால் மெதுவாகச் சுற்றியது, பற்றவில்லை.

அப்பா பக்கத்தில் நின்று கேட்டார். "பெற்றோல் வரேல்லைப் போல. காத்துப் போற வாய்க்குள்ள ரெண்டு சொட்டு விட்டுப் பாப்பம், பிள்ளை."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் பொத்திப் பொத்தி வைத்த சில சொட்டுப் பெற்றோல். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். அந்தக் காலத்தில் அது சரியான வைத்தியம். இன்றைய எஞ்சினுக்கு அது ஆகாது. பெற்றோலை உள்ளே செலுத்துவது இன்ஜெக்ரர், அளவு பார்ப்பது கொம்பியூட்டர். காற்று போகிற பகுதி பல எஞ்சின்களில் பிளாஸ்ரிக். உள்ளிருந்து ஒரு தரம் தீ திருப்பி அடித்தால் முகம் கருகும்.

"இதுக்கு அது வேண்டாம் அப்பா. முதல்ல அளந்து பாப்பம்."

"சரி, அள. ஆனா ஒண்டு சொல்லுறன், உது களைச்சுப்போய்ச் சுத்துது. பசியில சுத்துற மாதிரி."

அவருடைய காது சொன்னது சரி. பற்றறி ஓய்வில் 12.5 காட்டியது. பதினொரு வயது மகளிடம் மீற்றரைக் கொடுத்து, ஒரு முனையைப் பற்றறியின் மைனஸிலும் மற்றதை வாகனத்தின் இரும்புச் சட்டத்திலும் பிடிக்கச் சொன்னேன். நான் திறப்பைத் திருப்பினேன்.

"அம்மா, ஒன் பொயின்ற் எயிற்!"

அந்த இடத்தில் அரை வோல்ற்றுக்கு மேல் காட்டவே கூடாது. 1.8 காட்டினால், பற்றறி கொடுக்கிற பலம் ஸ்ராட்டருக்குப் போகாமல் வழியிலேயே தொலைகிறது என்று அர்த்தம். அப்பா சட்டத்தடியில் குனிந்து பார்த்தார். மைனஸ் கேபிள் சட்டத்தில் பூட்டிய இடம், வீதி உப்புப் பட்டுப் பட்டுப் பச்சையும் துருவுமாக இருந்தது. கழற்றி, கம்பித் தூரிகையால் இரும்பு மினுங்கும்வரை தேய்த்தார். பற்றறி முனைகளில் பூத்திருந்த வெள்ளைத் தூளுக்கு அம்மாவின் சமையல் தட்டிலிருந்த அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். துடைத்து, இறுக்கிப் பூட்டி, திருப்பினால் ஒரே அடியில் பிடித்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

ஸ்ராட்டர் மாற்ற வேணும், பெற்றோல் பம்பு மாற்ற வேணும் என்று யாராவது சொன்னால், அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசி. அதையும் மறக்காதீர்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை என்றால்

மூன்று விஷயம்: பெற்றோல், பொறி, காற்று.

திறப்பை ஸ்ராட் பண்ணாமல் ‘ஒன்’ வரை மட்டும் திருப்பி, பெற்றோல் தொட்டிப் பக்கம் காது கொடுங்கள். இரண்டு விநாடி "ங்ங்" என்று பம்பு முனக வேணும். இரண்டு மூன்று தரம் அப்படித் திருப்பினால் வடிந்துபோன அழுத்தம் திரும்ப வரும். பல நேரம் இதுவே போதும். முனகல் இல்லையென்றால் பியூஸ், ரிலே. பழைய ஃபோர்ட் வாகனங்களில் மோதலின்போது பெற்றோலை நிறுத்தும் சுவிச் ஒன்றும் உண்டு. அதன் பொத்தான் மேலே எழும்பியிருந்தால் அழுத்திவிடுங்கள்.

டாஷ்போட்டில் பூட்டு அல்லது திறப்புப் படம் வேகமாக மின்னினால் வாகனம் உங்கள் திறப்பை அடையாளம் காணவில்லை. மற்றத் திறப்பை எடுத்துப் பாருங்கள்.

இனி எலி. காற்று ஃபில்ரர் பெட்டியைத் திறந்தால் கூடு இருக்கும், வயரும் கடிபட்டிருக்கும். அதைக் காய்ந்தபடியே கூட்டவோ வக்கியூம் பிடிக்கவோ வேண்டாம். எலி எச்சத்தால் ஹான்டா வைரஸ் பரவலாம். கதவு ஜன்னலைத் திறந்து அரை மணித்தியாலம் காற்றுப் போகவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு, பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். இந்த வேலைக்குப் பிள்ளைகள் வேண்டாம்.

பிள்ளைகள் நிற்கும்போது

மீற்றர் பிடிக்கப் பிள்ளைகளை விடுங்கள், அது நல்ல பழக்கம். ஆனால் எஞ்சினோ ஜெனறேற்றரோ ஓடும்போது மூடிய கராஜுக்குள்ளோ தார்ப்பாயின் கீழோ வாகனம் நிற்கக் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. உள்ளே இருக்கிற அலாரத்தின் பின்பக்கத்தில் முடிவுத் திகதி இருக்கும். இன்றைக்கே பாருங்கள். பெற்றோல் மணம் வந்தாலோ, வயர் கருகினாலோ அதோடு நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உங்கள் வீதி உதவி உறுப்புரிமையில் மோட்டர்ஹோமும் அடங்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். சாதாரணக் கார் உறுப்புரிமை பல நேரம் அதற்குச் செல்லாது.

இந்த ஒக்ரோபரில்

பெற்றோல் தொட்டியை நிரப்பி, ஸ்ரெபிலைசர் ஊற்றி, எஞ்சினையும் ஜெனறேற்றரையும் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்போதுதான் அது குழாய் முழுக்கப் போய்ச்சேரும். எஞ்சின் பற்றறியை முழுதாகச் சார்ஜ் பண்ணி மைனஸைக் கழற்றுங்கள், அல்லது வீட்டுக்குக் கொண்டுவந்து மாதம் ஒரு தரம் சார்ஜ் பண்ணுங்கள். எலி போகிற ஓட்டைகளை இரும்புத் தும்பால் அடையுங்கள். எந்தச் சுவிச்சை நிறுத்தினீர்கள், எதைக் கழற்றினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி ஸ்ரியரிங்கில் ஒட்டிவிடுங்கள். மே மாதத்தில் அந்தத் துண்டைப் பார்த்தபிறகு மீற்றரை எடுங்கள்.

அடுத்த முறை தண்ணீர்க் குழாய்கள். குளிருக்கு ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவத்தை, அம்மாவின் தேத்தண்ணியில் மணக்காமல் எப்படிக் கழுவி எடுப்பது என்று பார்ப்போம்.