காளான் காப்பி குடித்தால் சர்க்கரை போகுமா?

மத்தூரில் காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டுக் காளான் காப்பி குடிக்கிறாராம்! விற்றது அவர் மச்சினன். "இது ஒண்ணே போதும் மாமா" என்று சொல்லி, மாதம் மூவாயிரம் வாங்கிக்கொள்கிறான். போன வாரம் வெறும் வயிற்றில் 286. கேட்டதற்கு, "நஞ்சு வெளியேறும்போது முதலில் ஏறத்தான் செய்யும்" என்றானாம். ஏறினாலும் வெற்றி, இறங்கினாலும் வெற்றி. நல்ல வியாபாரம்.

அந்தக் காப்பியில் இருப்பது கேனோடெர்மா. ஜப்பானில் ரெய்ஷி என்பார்கள். நம் தென்னை விவசாயிகளுக்கு இது பழைய எதிரி. 1952 புயலுக்குப் பின் தஞ்சைப் பக்கம் தோப்புகளை அழித்த தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணம் இந்த இனம்தான். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும், பிறகு தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கும். தோப்பில் கண்டால் எரிக்கிறோம், டப்பாவில் வந்தால் கும்பிடுகிறோம்.

மரத்தைக் கொல்வதாலேயே அது மருந்தாகாது என்று நான் சொல்லவில்லை. பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்ததுதானே. ஜப்பானில் ஷிடாகே காளானிலிருந்து எடுத்த லென்டினானை 1985-ல் வயிற்றுப் புற்றுநோய்க்கு அனுமதித்தார்கள். ஆனால் அது ஊசி. புற்றுநோய் மருந்தோடு சேர்த்து மருத்துவர் போடுவது, மருந்தை நிறுத்திவிட்டு அல்ல. கேனோடெர்மா பற்றிய சோதனைகளை 2015-ல் காக்ரேன் ஆய்வாளர்கள் திரட்டிப் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றே முடித்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

சர்க்கரையும் புற்றுநோயும் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. அதனால்தான் டப்பாவில் எழுதாமல் மச்சினன் வாயால் சொல்ல வைக்கிறார்கள்.

காளான் சாப்பிட ஆசையா? கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே.2 பால் காளானை வெளியிட்டது. நம் வெயிலுக்கு நன்றாக வரும். சமைக்குமுன் நறுக்கிக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் வைட்டமின் டி-யும் கூடும். மிளகு தட்டிப்போட்டுக் குழம்பு வையுங்கள். புரதம் உண்டு, நார்ச்சத்து உண்டு, கூடவே உங்கள் மாத்திரையும் இருக்கட்டும்.

நண்பரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று. மிச்ச டப்பாக்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மச்சினன் வீட்டில் அடுத்த மாதம் கல்யாணம், எப்படிக் கொடுப்பது என்கிறார்.