ஏவலுக்கு எழுதும் மொழி

பழவேற்காட்டு ஏரியின் கழிமுகத்தை அடுத்துச் சுத்துவலை கட்டும் மீனவர், நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை இறக்கிவிடுவதில்லை. எந்த இடம், எந்த நாள், யாருடைய முறை, எந்த வலை என்பவற்றை ஊர் கூடி வரையறுத்து வைத்திருக்கிறது. அதற்குப் 'பாடு' என்று பெயர். ஒருவர் செய்கை ஊரார் அனைவரையும் தாக்கக்கூடிய இடத்தில், செய்கைக்கு முன்பே அதன் எல்லையைச் சொல்லிவிட வேண்டும் என்னும் தெளிவு அவ்வொரு சொல்லுள் அடங்கியிருக்கிறது. (பாட்டில் இடம் பெறாதாரும் அவ்வேரியில் உளர்; கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கு அவ்வரையறை தந்தது என்ன என்பது தனியே பேசப்பட வேண்டியது.) இம்முறையைப் பற்றி ஆய்வாளர் எழுதியவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் மீனவர் வாயில் பிறந்த வரையறையைத் தமிழர் படித்தறிய ஆங்கிலம் வேண்டியிருக்கிறது!

அதே இழிநிலை இன்று இன்னொரு துறையிலும் வேரூன்றி வருகிறது. இயங்குபடம் (அனிமேசன்) ஆக்கும் மென்பொருள்களுக்குள் செயற்கை அறிவு முகவர்கள் புகுந்துவிட்டன. ஓவியர் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுத் திருத்திய வேலையை, 'தோணிகள் அனைத்தின் பெயரையும் மாற்று', 'அசைவுகள் அனைத்தையும் பத்துப் படச்சட்டம் தள்ளிவை' என்னும் ஒரே ஏவலில் அவை முடித்துவிடுகின்றன. இத்தகைய தொகுப்புத் திருத்தக் கருவிகளை முகவர் எவ்வாறு அறிகிறது? கருவியின் பெயர், அது செய்யும் செயல், அதற்குத் தரவேண்டிய உள்ளீடு ஆகியவற்றைக் கூறும் விளக்கக் குறிப்பைப் படித்தே அறிகிறது. 2024 நவம்பரில் ஆந்திரோப்பிக்கு நிறுவனம் வெளியிட்ட பொது இணைப்புநெறி இவ்வமைப்பைப் பரவலாக்கியது. கருவி படிக்க மட்டுமே செய்யுமா, இருப்பதை அழிக்குமா, இருமுறை ஏவினாலும் பயன் ஒன்றேயா என்று குறிப்பதற்கும் பின்னர் அதில் இடம் செய்யப்பட்டது. ஆயினும் அவை குறிப்புகளே, காவல் அல்ல.

இருமுறை ஏவுதல் சிறு செய்தியன்று. 'வலையின் நீளத்தை 20 மீட்டர் ஆக்கு' என்பதை எத்தனை முறை ஏவினாலும் வலை 20 மீட்டரே. 'வலையை இருமடங்காக்கு' என்பதை மறுமொழி வரவில்லை என்று முகவர் மீண்டும் ஏவிவிட்டால் வலை நான்கு மடங்காகிவிடும். குறிப்பில் இதை எழுதாமல் விட்டவரே அப்பிழைக்கு உரியவர், முகவர் அன்று.

இவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கே உரிய இடர்கள் ஆங்கிலக் குறிப்புகளில் தலைகாட்டுவதே அரிது. பழவேற்காட்டு வாழ்வை இயங்குபடமாக்க முனையும் இளைஞர் ஒருவரைக் கருதுக. அவர் தம் காட்சிப் பொருளுக்குத் 'தோணி' என்று பெயரிடுகிறார். அதிலுள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு இரண்டும் வேறு. முன்னதாகவே ஒருவடிவாக்காத கருவி பாதித் தோணிகளை மாற்றிவிட்டு, 'அனைத்தும் முடிந்தன' என்று கூசாமல் அறிவிக்கும். 'வலை' என்பதைத் தேடி மாற்றச் சொன்னால் 'கவலை'யிலும் கை வைக்கும். 'படகு' என்று தேடினால் 'படகின் பாய்' அகப்படாது. உகரம் கெட்டு வேற்றுமை உருபு ஏறுவது அக்கருவியை வகுத்தவர்க்குத் தெரியாது.

பெயரின் நீளமும் அவ்வாறே. பிளெண்டர் என்னும் மென்பொருளில் ஒரு பெயருக்கு 63 எண்ணுண்மி (பைட்டு) என்னும் வரம்பு நெடுங்காலம் இருந்தது. ஆங்கில எழுத்துக்கு ஓர் எண்ணுண்மி. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'பழவேற்காட்டுத் தோணிப்பாய்' 73 எண்ணுண்மி. 'பழவேற்காட்டுத் தோணிப்பலகை'யும் 73. இரண்டும் 'பழவேற்காட்டுத் தோணிப்' என்ற அளவிலேயே வெட்டுண்டு ஒன்றாகிவிடும். வேறுபாடு காட்ட மென்பொருள் ஓர் எண்ணை ஒட்டும். பாய் எது, பலகை எது என்று அவ்வெண் சொல்லுமா?

பிளெண்டர் பிறந்தது ஒல்லாந்து நாட்டில். அந்நாட்டார் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டை எழுப்பினர். துணியோடு மனிதரையும் அடிமைகளாக இங்கிருந்து கப்பலேற்றினர். 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டகன்றனர். அவர்தம் மொழி பொறித்த கல்லறைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. அந்நாட்டுத் தோன் ரோசெண்டால் தொடங்கிய மென்பொருள், 2002-இல் பொதுமக்கள் ஒரு நூறாயிரம் யூரோ திரட்டித் தந்ததால், மூலநிரலோடு உலகனைத்துக்கும் திறந்துவிடப்பட்டது. யாரும் திருத்தலாம், யாரும் தம் மொழியில் குறிப்பு எழுதலாம். கதவு திறந்தே இருக்கிறது, புகாதிருப்பவர் தமிழரே.

'பொறிக்கு ஆங்கிலம் போதுமே, தமிழ் எதற்கு?' என்பார் உளர். தமிழ் எழுத்து மிகுதியான துண்டுகளாக உடைபட்டுச் செலவைக் கூட்டுகிறது என்பதும் மெய்யே. அக்குறை தமிழின் குறையன்று. ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டு உடைத்தவர் குறை. அன்றியும், குறிப்பை முகவர் மட்டுமா படிக்கிறது? ஏவுகின்றவரும் படிக்க வேண்டும். தாம் எதற்கு இசைவு தருகிறோம் என்பதை அறியாமல் தலையாட்டும் இளைஞருடைய உழைப்பு ஒரு நொடியில் அழிந்தால், யாரிடம் போய் முறையிடுவார்? சுத்துவலையையும் வீச்சுவலையையும் வெறும் 'வலை'யாக்கிவிடும் ஆங்கிலப் பெயர்ப்பட்டியலை அவர் எதற்காகச் சுமக்க வேண்டும்?

எழுதத் தொடங்குவோர்க்கு ஒரு கருவியின் குறிப்பு இவ்வாறு அமையலாம்:

'பெயர்மாற்றி. தெரிந்தெடுத்த பொருள்களின் பெயரில் மட்டும் செயற்படும், அசைவுகளைத் தொடாது. பெயர்களை ஒரே குறிவடிவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடும். முழுச்சொல்லையே தேடும், வேற்றுமை ஏற்ற வடிவங்களை மாற்றாது, பட்டியலிட்டுக் காட்டும். புதுப்பெயர்களுள் ஒன்று நீள வரம்பை மீறினாலும் எதையும் மாற்றாமல் நின்றுவிடும். மாற்றுமுன் பழம்பெயரையும் புதுப்பெயரையும் அருகருகே காட்டி இசைவு கேட்கும். இருமுறை ஏவினும் பயன் ஒன்றே.'