வெயிலை இகழும் கல்விமான்கள்

அண்மையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் குடிநீரைப் பற்றிய பிரஸ்தாபம் எழுந்தபோது, தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பி மொட்டைமாடியில் ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தினால் பேதியை உண்டாக்கும் கிருமிகள் மாண்டுபோகும் என்று ஓர் இளம் ஆசிரியை எடுத்துச் சொல்ல, நன்கு படித்த கனவான் ஒருவர் எழுந்து, "வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடாகும், சுத்தமாகுமா? இந்தக் காலத்திலும் பாட்டி வைத்தியம் பேசுகிறீர்களே, அம்மா!" என்றார், சபையோ கைதட்டி அதை ஆமோதித்தது. அந்தக் கைதட்டலை என்னால் சகிக்க முடியவில்லை. விலை கொடுத்து வாங்கிய யந்திரத்தின் வழியே வந்தாலொழிய நீர் பரிசுத்தமாகாது, இலவசமாகக் கிடைக்கும் சூரியனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்னும் அபிப்பிராயம் நம் படித்த வகுப்பாரிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது.

கென்யா நாட்டில் கஜியாடோ என்றொரு பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள மாசாய்க் குடும்பங்களில் ஒரு சாரார் குழந்தைகளுக்கான நீரைப் பாட்டிலில் அடைத்து வெயிலில் வைத்தார்கள். மற்றொரு சாரார் அதே மாதிரியான பாட்டிலை வீட்டுக்குள் நிழலில் வைத்தார்கள். பிற்பாடு அப்பிரதேசத்தில் காலரா பரவியபோது, வெயில் பட்ட நீரைக் குடித்த ஆறு வயதுக்குட்பட்ட 155 குழந்தைகளில் 3 பேருக்கே அந்நோய் கண்டது. மற்றைய 144 குழந்தைகளில் 20 பேருக்குக் கண்டது. 2001இல் வெளியான கணக்கு இது. ஐம்பதில் ஒரு குழந்தை எங்கே, ஏழில் ஒரு குழந்தை எங்கே! இதையா பாட்டி வைத்தியம் என்பது?

சூரிய ஒளி பாக்டீரியாவைக் கொல்லும் என்பதை டவுன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர் 1877லேயே நிரூபித்துவிட்டார்கள். பேதி கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலை வெயிலில் வைத்தே கிருமி நீக்கலாம் என்று பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஃப்திம் அக்ரா 1980இல் உலகுக்கு அறிவித்தார். கலங்கல் நீரானால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். ஆர்செனிக், ஃபுளோரைடு முதலியவற்றை வெயில் நீக்காது. இவ்வளவுதான் நிபந்தனைகள். இவற்றைக் கற்பிக்க ஒரு வகுப்பு நேரம் போதாதா?

இதே கனவான்களிடம் டைட்டானியம் டை ஆக்சைடு என்று உச்சரித்துப் பாருங்கள், உடனே பக்தி பிறக்கும். வெள்ளைப் பெயின்டில் கலக்கும் அந்தப் பொருள் ஓர் ஒளிவினையூக்கி; 1972இல் ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற இரு விஞ்ஞானிகள் அதன்மீது ஒளியைப் பாய்ச்சி நீரையே பிளந்து காட்டினார்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் அதன் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் கிளர்ந்தெழ, அதன் விளைவாகத் தோன்றும் ஹைட்ராக்சில் முதலிய உக்கிரமான துணுக்குகள் கிருமியின் மேலுறையைச் சிதைத்துவிடுகின்றன. கிருமிநாசத்தை அது துரிதப்படுத்தும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்குச் சக்தியளிப்பது எது? இவர்கள் பரிகசித்த அதே வெயில்! அதிலும் புற ஊதாக் கதிராகிய, சுமார் இருபதில் ஒரு பங்கைத்தான் அதனால் உபயோகிக்க முடிகிறது. பொடியாகக் கலந்தால், குடிப்பதற்குமுன் அதை நீரிலிருந்து பிரித்தெடுக்கவும் வேண்டும். கஜியாடோவின் பாட்டில்களில் எந்தப் பொடியும் இல்லை. இருந்தும் 155இல் 3 தான்.

ஆய்வுக்கூடத்தின் பெயர் ஒட்டினால் வெயிலுக்கு வணக்கம், ஒட்டாவிட்டால் இகழ்ச்சி என்ற இந்தப் புத்திதான் வீடுதோறும் ஆர்ஓ யந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறது. ஒரு குடம் குடிநீர் தருவதற்காக அதைவிட அதிகமான நீரைச் சாக்கடையில் கொட்டும் யந்திரங்கள் எத்தனை! லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புகள் கரைந்துள்ள நீருக்கு அதை உபயோகிப்பதைத் தடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டும், தங்கள் வீட்டு நீரில் எவ்வளவு உப்பு உண்டு என்று பரிசோதித்த பிறகு வாங்குகிறவர்களை நான் கண்டதில்லை. தாய்மாரைப் பயமுறுத்தும் விளம்பரங்களுக்குக் கோடிக்கணக்கில் செலவிட யந்திர வியாபாரிகள் இருக்கிறார்கள். அன்றாடக் கூலியில் ஒரு பகுதியைக் கேன் தண்ணீருக்கு இழக்கும் குடும்பத்திடம், பாட்டிலை வெயிலில் வைக்கும் முறையைப் போய்ச் சொல்வதற்கு ஒருவரும் இல்லை.