காசோலைக்கு 3 மாதம்... டோக்கனுக்கு?

மக்களே, நான் பி.காம் படிக்கிற ஆள். "உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் கேட்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், லாகின் டோக்கன் என்பது எங்கள் பாடத்தில் வரும் காசோலை மாதிரிதான் இருக்கிறது.

நம் ஊர் காசோலைக்கு ஆயுள் 3 மாதம். முன்பு 6 மாதமாக இருந்ததை 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி குறைத்தது. சரி, தேதி தாண்டிவிட்டதா என்று பார்ப்பது யார்? கொண்டு வருகிறவரா? இல்லை, பணம் கொடுக்கிற வங்கி.

டோக்கனும் அப்படித்தான். நாம் லாகின் செய்ததும் சர்வர் ஒரு சீட்டு தருகிறது. அதன் பிறகு பாஸ்வேர்ட் வேண்டாம், சீட்டைக் காட்டினால் போதும். பல தளங்களில் புழங்கும் ஜேடபிள்யூடி வகை டோக்கனில் காலாவதி நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாக எழுதி வைக்கிறார்கள். அந்த நேரம் வந்துவிட்டால் டோக்கனை ஏற்கவே கூடாது என்கிறது, 2015-ல் வந்த ஆர்எஃப்சி 7519 விதி.

இதை பிரவுசரில் மட்டும் சோதித்து, "செஷன் முடிந்தது" என்று காட்டினால் போதும் என நினைப்பவர்கள் உண்டு. போதாது! கணினிக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்தால் பிரவுசர் ஏமாந்துவிடும். டோக்கனை நகலெடுத்தவனோ நம் பக்கத்தைத் திறக்கவே மாட்டான், நேராக சர்வரிடம் போவான். எனவே ஒவ்வொரு முறையும் சர்வரே தன் கடிகாரத்தை வைத்துத் தேதியையும், கூடவே கையெழுத்தையும் பார்க்க வேண்டும். பிரவுசர் சோதனை வசதிக்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல.

தேதி பார்த்தால் மட்டும் போதுமா? காசோலை திருட்டுப்போனால் 3 மாதம் முடியட்டும் என்றா காத்திருப்போம்? உடனே 'ஸ்டாப் பேமென்ட்' கொடுப்போம் இல்லையா? 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் டோக்கன் திருட்டு நடந்தபோது, சுமார் 9 கோடி கணக்குகளின் டோக்கன்களை அந்த நிறுவனமே செல்லாமல் ஆக்கியது. அதுதான் ஸ்டாப் பேமென்ட்.

என்னைக் கேட்டால் குறைந்த ஆயுள், சர்வரில் சோதனை, லாக்அவுட் செய்த உடனே ரத்து, இந்த மூன்றும் இல்லாத தளத்தை நம்பிப் பணத்தை வைக்கக் கூடாது. அடிக்கடி லாகின் கேட்கிறதே என்று அலுத்துக்கொள்கிறீர்களா? பிரவுசிங் சென்டரில் உங்களுக்கு அடுத்து அதே நாற்காலியில் உட்காரப்போகிறவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்...