சாமிக்கு முன்னால் ஒரு களம்



நவராத்திரி நெருங்குகிறது. இராமேஸ்வரம் போகிற அவசரத்தில் பலர் இராமநாதபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. இந்தத் தடவை இறங்கி, அரண்மனைக்கு ஒரு நடை போய்வாருங்கள். இராமலிங்க விலாசத்துச் சுவரோவியம் ஒன்றில், இராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையாலேயே இந்நாட்டு மன்னர் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள். அதே வளாகத்தில் அவளுக்குக் கோயிலும் உண்டு. நவராத்திரி இங்கே அரச விழாவானது ஏன் என்று அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

இந்த அரச விழாவின் வேர் விஜயநகரத்தில் இருக்கிறது. 1520 வாக்கில் அங்கே மகாநவமியைக் கண்ட போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், அரசர் முன்னிலையில் நடந்த மல்யுத்தத்தை எழுதிவைத்திருக்கிறார். பல் உடைந்து, முகம் சிதைந்து, பேச்சுமூச்சற்றுத் தூக்கிச் செல்லப்பட்டவர்களும் அதில் உண்டாம்! அந்த விழா மரபு மதுரை நாயக்கர் வழியாக நம் சேதுபதிகளிடம் வந்தது. இன்னொரு கிளை மைசூருக்குப் போனது. மைசூர் அரண்மனையில் விஜயதசமியன்று ஜெட்டி மல்லர்களின் வஜ்ரமுஷ்டி என்ற மோதல் இன்றும் நடக்கிறது. ஒருவர் தலையில் ரத்தம் துளிர்த்த உடனே ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். இராமநாதபுரத்தில் மிஞ்சியது அம்பு. விஜயதசமி மாலையில் அம்மன் கேணிக்கரை மகர்நோன்புப் பொட்டலுக்கு எழுந்தருள, அம்பு எய்து சூரனை வதைப்பதோடு விழா நிறைகிறது.

சாமிக்கு முன்னால் பலம் காட்டுவது நம் நாட்டோடு நிற்பதில்லை. ஜப்பானின் சுமோ மல்யுத்தத்துக்கும் கோயில் களமாக இருந்திருக்கிறது. டோக்கியோவின் தொமியோகா ஹச்சிமான் கோயிலில் 1684இல் திருப்பணி நிதிக்கான சுமோ தொடங்கியது. தலைசிறந்த வீரர்களான யோக்கொசுனாக்களின் பெயர் பொறித்த கல்லை 1900இல் அங்கே நாட்டினார்கள். களமிறங்கும் வீரர் முதலில் உப்பை அள்ளி வீசி மண்ணைத் தூய்மை செய்வார். யோக்கொசுனா இடுப்பில் கட்டும் வெள்ளை வடம், ஷிண்டோ கோயில்களில் புனித எல்லை குறிக்கக் கட்டுகிற வடத்தின் வகைதான்.

பலத்தைக் காட்ட எந்தப் பொட்டலும் போதும். சாமி பார்க்கிறது என்கிறபோதுதான் அந்தப் பலத்துக்கு ஒரு முறையும் வரம்பும் வந்துவிடுகிறது. துளி ரத்தத்தோடு கை ஓய்வதும், மோதலுக்கு முன்னால் உப்புத் தூவுவதும் அந்த வரம்புதான். தோற்றவனும் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் ஊர்க்கோயில் விழாவில் எருதுகட்டு நடக்கிறது. சில ஊர்களில் சிலம்பம், சில ஊர்களில் இளவட்டக்கல் தூக்குவது. உங்கள் ஊர்ச் சாமி எந்த விளையாட்டைப் பார்க்கிறது? களத்தில் முதல் மரியாதை யாருக்கு? எப்போது போதும் என்று நிறுத்துகிறார்கள், நிறுத்தச் சொல்கிறவர் யார்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்