பெயருள்ள கற்கள்

ஒசூர் சிப்காட்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் விடியலில் விரையும் சாலையொன்றின் ஓரம், புளியமரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், மார்பில் தைத்த அம்பு. தலைக்கு மேல் நான்கு வரி வட்டெழுத்து. எண்ணெயும் மஞ்சளும் படிந்து எழுத்து பாதி மறைந்துவிட்டது. ஊரார்க்கு அது வேடியப்பன். நமக்கு அதைக் காட்டியவன் நம் வகுப்பு மாணவன். அது அவனுடைய குலதெய்வம். அன்றுவரை அதில் ஒரு மனிதனின் பெயர் இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது, அவன் தந்தையாருக்கும் தெரியாது.

கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரத்தை நடுகற்களின் நாடு என்றே சொல்லலாம். தொறு மீட்டுப் பட்டவன், புலி குத்திப் பட்டவன், ஊரழிவில் பட்டவன் என ஒவ்வொருவருக்கும் ஒரு கல். தளி, ஒசூர்ப் பக்கம் போனால் கல்லின் மொழி கன்னடமாகிறது. பெயர் வீரகல்லு ஆகிறது. எல்லைக்கு அப்பால், இன்று பெங்களூரு நகருக்குள் அகப்பட்டுவிட்ட பேகூரில், ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த கல்வெட்டொன்று ‘பெங்களூருப் போரில்’ இறந்த ஒருவனைக் குறிக்கிறது. அந்த மாநகரின் பெயருக்கான மிகப் பழைய சான்று, செத்துப்போன ஒரு போர்வீரனின் நினைவில் இருந்து கிடைத்திருக்கிறது என்பதைத் தினமும் அங்கே வேலைக்குப் போய்வரும் எத்தனை பேர் அறிவர்?

நாம் சொல்ல வந்தது பெயரைப் பற்றி. இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்களில், 1914-18 போரில் மாண்ட அவ்வூர் இளைஞர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பல பலகைகளில் பதவி வேறுபாடு பாராமல் அகரவரிசையே பின்பற்றப்பட்டது. இறந்தோர் உடல்களை ஊருக்குக் கொணர்வதில்லை என அரசு முடிவு செய்திருந்ததால், புதைகுழி இல்லாத தாய்மார்க்கு அப்பலகையே குழியாயிற்று. ஆண்டுதோறும் நவம்பரில் அப்பெயர்களை உரக்க வாசிக்கிறார்கள். பண்ணையாளின் மகனும் பிரபுவின் மகனும் ஒரே மூச்சில் வாசிக்கப்படுகிறார்கள்.

அதே போருக்கு நம் நாட்டிலிருந்தும் சென்றார்கள். இந்தியாவின் பல ஊர்களில் அரசு பதித்த கற்கள் இன்றும் உள்ளன: இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்று. பெயர் இல்லை, தொகை மட்டும். பஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே நின்றார்கள். இந்த ஏற்றத்தாழ்வைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு வருந்தியது.

இதை வாசித்தபோது நமக்கு எடுத்தனூர்க் கல் நினைவுக்கு வந்தது. செங்கத்துக்கு அருகே, மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல். எருமைகளின் பொருட்டு உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனின் கல். அவனருகே ஒரு நாய். கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் அக்கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, இருபதாம் நூற்றாண்டில் ஒரு பேரரசுக்காகச் செத்த சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

ஆனால் வெள்ளையரைக் குறைசொல்லிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. அவர்கள் பொறிக்கவில்லை, நாமோ பொறித்ததை வாசிக்க மறந்தோம். வழிபாடு கல்லைக் காத்தது, பெயரை விழுங்கியது. 1970களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைப் படியெடுத்து நூலாக்கியது பெரும்பணி. அன்று அது நடவாதிருந்தால் கோவிவனை நாம் அறிந்திரோம். எனினும் அப்பெயர்கள் நூலிலேயே தங்கிவிட்டன, ஊருக்குத் திரும்பவில்லை. அருங்காட்சியகத்துக்குப் போன கற்களின் நிலை வேறு. அங்கே எழுத்து பிழைக்கும். ஆனால் யாருக்காக அவன் செத்தானோ அந்த ஊர் அங்கில்லை. மனைப்பிரிவும் கல்குவாரியும் நெருக்கும்போது பெயர்த்துச் செல்வதே ஒரே வழி என்பாரும் உளர். மண்வாரி எந்திரம் வாசலுக்கு வந்துவிட்ட இடத்தில் நாமும் மறுக்கமாட்டோம். மற்ற இடங்களில், கல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அருகில் தனியாக ஒரு பலகையில், இன்றைய தமிழிலோ கன்னடத்திலோ, அவன் பெயரையும் அவன் செத்த காரணத்தையும் எழுதி வைக்கலாம். கல்லின்மேல் வண்ணம் பூசுவதும் சுண்ணாம்பு தீட்டுவதும் வேண்டாம். செலவு சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது.

புளியமரத்தடிக் கல்லுக்கு இதையே கேட்டோம். மாணவன் இரண்டு நாள் உட்கார்ந்து, வட்டெழுத்து அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு, பெயரின் முதல் மூன்று எழுத்துகளை வாசித்திருந்தான், மீதி சிதைந்துவிட்டது. பூசாரியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “வாத்தியாரய்யா, சாமிக்கு மனுசன் பேரு எழுதினா, நாளைக்கு அவன் எந்தச் சாதின்னு கேப்பானுங்க. இப்ப எல்லாரும் வந்து கும்புடுறாங்க.”

நம்மிடம் அதற்கு உடனடி விடை இருக்கவில்லை. பெயர் இருந்தால்தான் மனிதன் என்று நினைத்திருந்தோம். பெயர் இல்லாததால்தான் அவன் எல்லாருக்கும் உரியவனாக இருக்கிறான் என்கிறார் அவர். கல்லில் சாதி எதுவும் குறிக்கப்படவில்லை, மாட்டை மீட்டதுதான் இருக்கிறது என்று மாணவன் எடுத்துச் சொன்னான். பூசாரியார் தலையசைத்தார், ஒப்பவில்லை. ஊர்ப் பொங்கலுக்கு முன் அவனும் நாமும் இன்னொரு முறை போய்க் கேட்பதாக இருக்கிறோம்.