சம்பளத்தில் பிடிக்கும் அந்த 4% செஸ்: மாநிலத்துக்கு எவ்வளவு போகிறது?

ஃபார்ம் 16-ஐத் திறந்ததும் எல்லோரும் பார்ப்பது மொத்தத் தொகையைத்தான். பக்கத்திலேயே ‘சுகாதாரம், கல்வி செஸ்’ என்று 4 சதவீதம் போட்டிருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வருமான வரி கட்டுபவருக்கு அது 4,000 ரூபாய்.

இரண்டையும் வசூலிப்பது ஒன்றிய அரசுதான். ஆனால் அந்த 1 லட்சம் முழுவதும் டெல்லிக்கே சொந்தமில்லை. நிதிக் குழுவின் கணக்குப்படி 41 சதவீதம் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும். செஸ், சர்சார்ஜ் இரண்டையும் அரசியலமைப்பின் 270-வது பிரிவே இந்தப் பங்கீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆக, 4,000 ரூபாயில் மாநிலங்களின் பங்கு பூஜ்யம்.

ஒரு வேலைக்கென்று வாங்கும் பணத்தை அந்த வேலைக்கே செலவிட வேண்டும், அதற்குத்தான் செஸ் என்பார்கள். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் அந்த வேலை யாருடையது? ஏழாவது அட்டவணையில் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. கல்வியும் அங்கேதான் இருந்தது. எமர்ஜென்சி நேரத்தில், 1976-ல், 42-வது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. அரசுப் பள்ளிகளையும் அரசு ஆஸ்பத்திரிகளையும் பெரும்பாலும் நடத்துவது இன்றும் மாநிலங்கள்தான்.

‘திட்டங்கள் வழியாக மாநிலங்களுக்குத்தானே போகுது?’ என்று கேட்கலாம். போகிறதுதான். பின்தங்கிய பகுதிகளுக்குக் கூடுதலாகத் தர ஒன்றியத்தின் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதிலும் தவறில்லை. ஆனால் பங்காக வரும் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று சட்டமன்றம் முடிவு செய்யும். திட்டமாக வரும் பணத்தோடு நிபந்தனையும் சேர்ந்தே வரும். பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் சமக்ர சிக்‌ஷா நிதி நிறுத்தப்பட்டது. வர வேண்டியது 2,152 கோடி ரூபாய் என்றது மாநில அரசு. 2025 மே மாதம் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த இந்த இழுபறியில், தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான ஆர்டிஇ சேர்க்கை அந்த ஆண்டு தள்ளிப்போனது. எல்கேஜி சேர வேண்டிய குழந்தைக்கு எந்தப் பட்டியல் என்றா தெரியும்?

செஸ்ஸே கூடாது என்பதல்ல வாதம். அதற்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். 2004-ல் 2 சதவீதமாக வந்த கல்வி செஸ் 2007-ல் 3 ஆனது, 2018-ல் சுகாதாரத்தையும் சேர்த்துக்கொண்டு 4 ஆனது. இருபது வருஷம் தாண்டியும் ஓடுவதை அடிப்படை வரியோடு சேர்த்துவிட்டால் சம்பளக்காரருக்கு ஒரு ரூபாய்கூட கூடாது. அந்த 4,000-ல் 1,640 ரூபாய் மாநிலங்களுக்கு வரும்.